சுவரோரத்தை விட்டு வந்த எலிகள்

கேட் டிகமிலோவின் ‘தி டேல் ஆஃப் டெஸ்பெரோ’ நாவல் 2003இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்கச் சிறுவர் இலக்கியத்தின் பெரிய கௌரவமான நியூபெரி பதக்கத்தை வாங்கியது. 2008இல் யுனிவர்சல் நிறுவனம் அதை அனிமேஷன் படமாக வெளியிட்டது. நாவலிலும் படத்திலும் அதே சுண்டெலிதான்: உடம்புக்குப் பொருந்தாத பெரிய காதுகள், புத்தகத்தைக் கொறிக்காமல் வாசிக்கிற வேண்டாத பழக்கம், இளவரசிமேல் காதல். எலிகளின் சட்டத்தை மீறிய குற்றத்துக்காக நூல் கட்டிப் பாதாளச் சிறைக்கு அனுப்பிவிடுகிறார்கள். இதுவரை இரண்டும் ஒரே வழிதான். ஆனால் நாவலின் டெஸ்பெரோ பயந்தவன். தண்டனையைக் கேட்டதும் மயங்கி விழுகிறான். பிறகு தானாகவே அந்தச் சிறைக்குத் திரும்பி இறங்கும்போதும் நடுங்குகிறான். படத்தின் டெஸ்பெரோவுக்கோ பயம் என்றால் என்னவென்றே தெரியாது. பள்ளிக்கூடத்தில் குறுகிப் பதுங்கப் பாடம் நடத்துகிறார்கள். அது அவன் தலையில் ஏறவில்லை. பெற்றோரைக் கூப்பிட்டுப் புகார் சொல்கிறார்கள்.

சின்ன மாற்றம்போலத் தோன்றலாம். என்னைக் கேட்டால் படத்தின் உயிர் போனதே அந்த இடத்தில்தான். பெரிய எலிகளின் பாதாள நகரத்தில் ஓர் அரங்கு, சுற்றிலும் கூச்சலிடும் கூட்டம், நடுவே டெஸ்பெரோவும் ஒரு பூனையும். இவ்வளவு இருந்தும் பார்க்கிறவனுக்கு நெஞ்சு பதறவில்லை. அவனே பதறாதபோது நாம் எதற்குப் பதற வேண்டும்? இத்தனைக்கும் லண்டன் ஃப்ரேம்ஸ்டோர் நிறுவனத்தின் கைவேலை பிரமாதம். பழைய ஃபிளெமிஷ் ஓவியங்களை நினைவூட்டும் பழுப்பு நிழலும் மெழுகுவத்தி வெளிச்சமுமாக, அந்த ஆண்டுகளின் கணினி அனிமேஷன் படங்களில் கண்ணுக்கு இவ்வளவு நிறைவானவை குறைவு.

ஒரு சின்னப் பிராணியை வீரனாக்கிக் குடும்பத்தோடு பார்க்கும் படம் எடுப்பது கிட்டத்தட்ட நூறு வருட வழக்கம். அதில் பெரும்பங்கு எலிக்கு. அந்த வீரத்தை எங்கிருந்து கொண்டுவருவது என்பதுதான் ஒவ்வொரு படத்துக்கும் வந்த சிக்கல். சிலர் பயத்தையே எடுத்துவிட்டார்கள். சிலர் மந்திரமோ எந்திரமோ கையில் கொடுத்தார்கள். மிகச் சிலர் சின்னதைச் சின்னதாகவே, நடுங்குவதை நடுங்கியபடியே விட்டுவிட்டுக் கதையை நகர்த்தினார்கள். திரும்பத் திரும்பப் பார்க்க முடிகிற படங்கள் பெரும்பாலும் இந்த மூன்றாம் வகையில்தான் இருக்கின்றன.

வீட்டில் எலித் தொல்லையை அனுபவித்தவர்களுக்குத் தெரியும், அது கூடத்தின் நடுவே ஓடாது. மீசை சுவரில் உரச, ஓரமாகவே போகும். பொறியைச் சுவரை ஒட்டி வைப்பது அதனால்தான். ஆய்வகங்களில் இதையே அளவுகோலாக்கியிருக்கிறார்கள்: திறந்த பெட்டியில் எலியை விட்டு, எவ்வளவு நேரம் ஓரத்தில் இருக்கிறது, எவ்வளவு நேரம் நடுவே வருகிறது என்று பார்த்து அதன் அச்சத்தைக் கணக்கிடுகிறார்கள். நிமிடத்துக்கு 500, 600 முறை துடிக்கிற நெஞ்சு அது. அப்படிப்பட்ட ஒன்று சுவரை விட்டு வெளியே வர வேண்டுமானால் காரணம் பெரிதாக இருக்க வேண்டும். இந்த வகைப் படங்களை நான் எடைபோடுவது இதை வைத்துத்தான்: சுவர் இருப்பது படத்துக்குத் தெரிகிறதா?

மிக்கி மவுஸுக்குத் தெரியாது. 1928 நவம்பர் 18 அன்று நியூயார்க்கின் காலனி தியேட்டரில் ‘ஸ்டீம்போட் வில்லி’ திரையிடப்பட்டபோது அதில் வந்த மிக்கி குறும்பன், கொஞ்சம் கொடூரனும்கூட. ஆடு மாடுகளை வாத்தியமாக்கி இசைக்கிறவன். ஆஸ்வால்ட் என்ற முயல் பாத்திரத்தின் உரிமை கைவிட்டுப் போனதால் அவசரமாகப் பிறந்தவன் அவன். அப் ஐவெர்க்ஸ் வட்டங்களாலேயே வேகமாக வரைந்து தள்ள வசதியான உருவம். எலி என்பது பெயருக்குத்தான்; பின்னால் ஆள் உயரத்தில் நின்று நாயே வளர்க்கிறான். 1938இன் ‘பிரேவ் லிட்டில் டெய்லர்’ குறும்படத்தில் மிக்கி சின்னவனாகத் தெரிகிறான். ஒரே அடியில் ஏழு ஈக்களைக் கொன்றதைப் பெருமையடிக்க, ஊரார் அதை ஏழு அரக்கர்கள் என்று எடுத்துக்கொண்டு நிஜ அரக்கனிடம் அனுப்பிவிடுகிறார்கள். தையற்காரன் கையில் இருப்பது ஊசியும் நூலும். அரக்கனின் சட்டைக் கையைத் தைத்தே அவனைச் சாய்க்கிறான். எதிரே அரக்கன் நிற்பதால்தான் மிக்கியின் அளவே நமக்கு உறைக்கிறது.

1941இன் ‘டம்போ’வில் சர்க்கஸ் எலி டிமோத்தி, தாயைப் பிரிந்த யானைக் குட்டிக்குத் துணை நிற்கிறான். யானைகள் எலிக்குப் பயப்படும் என்ற பழைய நகைச்சுவையை முதலில் பயன்படுத்திவிட்டு, படம் அதைத் தாண்டிப் போகிறது. பறக்கத் துணிவில்லாத குட்டியிடம் ஓர் இறகைக் கொடுத்து இது மாயச் சிறகு என்று நம்பவைக்கிறார்கள். கூரை உயரத்திலிருந்து குதித்த பிறகு இறகு நழுவிவிடுகிறது. விழுந்துகொண்டிருக்கும்போதே டிமோத்தி உண்மையைப் போட்டு உடைக்கிறான். மந்திரப் பொருளைக் கொடுத்துவிட்டு, உச்சகட்டத்தில் அது பொய் என்று சொல்லிவிடும் துணிச்சல் அதன் பிறகு வந்த பல படங்களுக்கு இல்லை. ‘பினோக்கியோ’, ‘ஃபேன்டேஷியா’ இரண்டிலும் கையைச் சுட்டுக்கொண்ட டிஸ்னி சிக்கனமாக எடுத்த படம் இது, 64 நிமிடம்தான்.

டிஸ்னி எலிகளில் எனக்கு மிகவும் பிடித்த பத்து நிமிடம் 1950இன் ‘சிண்டரெல்லா’வில் இருக்கிறது. சிற்றன்னை சிண்டரெல்லாவை மாடி அறையில் பூட்டிவிடுகிறாள். ஜாக், கஸ் என்ற இரண்டு எலிகள் அவள் பையிலிருந்து சாவியை எடுக்கின்றன. பிறகு படிக்கட்டு. நமக்கு நாலு தாவலில் முடிகிற மாடிப்படி, அவற்றுக்கு ஒவ்வொன்றும் மதில். ஒன்று மேலிருந்து இழுக்க, இன்னொன்று கீழிருந்து முட்டுக்கொடுக்க, இரும்புச் சாவி படிக்குப் படி ஏறுகிறது. படம் வரைகிறவர்கள் எடையைக் காட்டுவதற்கு எவ்வளவு பாடுபடுவார்கள் என்பதை இங்கே பார்க்கலாம்: சாவி ஏறுவதைவிட எலிகளின் முதுகு வளைவதும், கால் வழுக்குவதும், மூச்சு வாங்குவதுமே அதைக் கனமாக்குகின்றன. மேலே போனால் லூசிஃபர் பூனை ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, சாவியோடு கஸ்ஸையும் சேர்த்து மூடி உட்கார்ந்துவிடுகிறது. மற்ற எலிகள் முள்கரண்டி, மெழுகுவத்தி என்று அடுக்களையிலிருந்து கிடைத்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு வருகின்றன. பூனைக்கு அது கால் தூசு. கடைசியில் நாயைக் கூட்டி வந்தால்தான் வேலை ஆகிறது. எலிகள் ஜெயிக்கவில்லை, நேரத்தை இழுத்தடித்தன, அவ்வளவுதான். பூனையையும் எலிகளையும் உயிர்ப்பித்தவர் வார்டு கிம்பல்; அவர் வீட்டுக் கொழுத்த பூனையே லூசிஃபருக்கு மாதிரி. கண்ணாடிச் செருப்புக் கதையில் எலிகளுக்கு இவ்வளவு இடமா என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. செருப்பை வைத்து எத்தனை நிமிடம் படம் எடுப்பது?

1977இன் ‘தி ரெஸ்க்யூவர்ஸ்’ படத்தில் ஐ.நா. சபைக் கட்டடத்தின் அடித்தளத்தில் எலிகளுக்கென்று ஒரு மீட்புச் சங்கம் இயங்குகிறது. அதன் துப்புரவாளர் பெர்னார்டு. 13 என்ற எண்ணைக் கண்டாலே உதறல் எடுக்கிறவன், கடத்தப்பட்ட சிறுமியைத் தேடிச் சதுப்பு நிலத்துக்குப் போகிறான். படம் சுமார்தான். ஆனால் அதில் வேலை பார்த்த டான் ப்ளூத் என்ற கலைஞருக்கு டிஸ்னியின் அப்போதைய சிக்கனமும் சோம்பலும் பொறுக்கவில்லை. 1979இல் கேரி கோல்ட்மேன், ஜான் பொமெராய் இருவரோடும் மற்றும் சிலரோடும் வெளியேறினார். தனிக் கடை விரித்து அவர் எடுத்த முதல் முழுநீளப் படம் 1982இல் வந்த ‘தி சீக்ரெட் ஆஃப் நிம்’.

இந்த வகையில் சிகரம் என்று நான் சொல்வது அதைத்தான். அதன் சறுக்கலும் அதே அளவு பெரிது என்பதால் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ராபர்ட் ஓ’பிரையனின் 1971 நாவல் மூலம். நாயகி திருமதி பிரிஸ்பி. நாவலில் ஃபிரிஸ்பி, பறக்கும் தட்டு விளையாட்டுச் சாமானின் வணிகப் பெயரோடு மோதுகிறது என்பதால் மாற்றினார்கள். கணவனை இழந்த நான்கு பிள்ளைகளின் தாய். இளைய மகனுக்கு நிமோனியா, எழுப்பி நடமாட வைத்தால் இறந்துவிடுவான். அவர்கள் வீடு வயலில் கிடக்கும் ஒரு சிமென்ட் கல்லுக்குள். உழவு தொடங்கிவிட்டது. பிள்ளையை நகர்த்த முடியாது, வீட்டை நகர்த்தாமல் இருக்க முடியாது. சாகசப் படங்களில் இவ்வளவு எளிமையான, இவ்வளவு கொடுமையான இக்கட்டை நான் பார்த்ததில்லை.

டிராக்டர் நெருங்கும்போது அவள் அதன்மேல் ஏறிவிடுகிறாள். ஏறியவள் அப்படியே உறைந்துபோகிறாள், கை கால் ஓடவில்லை. எரிபொருள் குழாயைப் பிடுங்கி எந்திரத்தை நிறுத்துவது வாயாடி மூஞ்சூறு ஒன்று. நாயகியைத் தோற்கவிட்டு, அவள் அழுவதையும் காட்டுகிற குடும்பப் படம் எத்தனை? பிறகு யோசனை கேட்க ஆந்தையின் பொந்துக்கே போகிறாள். தரையெல்லாம் எலும்பு. எலி, ஆந்தையிடம் போய்ப் புத்தி கேட்பது! நிம் என்பது அமெரிக்க அரசின் தேசிய மனநல ஆய்வு நிறுவனம். அங்கே மருந்தேற்றப்பட்டு அறிவு வளர்ந்த பெரிய எலிகள் தப்பிவந்து பண்ணை வீட்டின் ரோஜாப் புதருக்கடியில் குடியிருக்கின்றன. வீட்டைத் தூக்கி வைக்க அவற்றால் முடியும். ஆனால் அதற்கு முன் பண்ணையின் பூனைக்குத் தூக்க மருந்து வைக்க வேண்டும், அடுக்களைத் துளைக்குள் பெரிய எலிகள் நுழைய முடியாது. அந்த வேலைக்குப் போய்த்தான் தன் கணவன் இறந்தான் என்று தெரிந்த பிறகும் நான் போகிறேன் என்கிறாள் பிரிஸ்பி. அவள் சிறியவள் என்பதே அங்கே தகுதியாகிவிடுகிறது. இதற்கு மேல் ஒரு திரைக்கதைக்கு என்ன வேண்டும்?

ஆனால் ப்ளூத்துக்கு இது போதவில்லை. நாவலில் பெரிய எலிகள் கயிறும் உருளையும் வைத்து வீட்டை நகர்த்துகின்றன, பொறியாளர்களின் வேலையாக. படத்தில் சதியால் அந்த ஏற்பாடு சரிந்து, வீடு சேற்றில் பிள்ளைகளோடு அமிழ்கிறது. அப்போது பிரிஸ்பியின் கழுத்தில் கிடக்கும் சிவப்புக் கல் ஒளிவிட்டு வீட்டை அந்தரத்தில் தூக்கிவிடுகிறது. நாவலில் அப்படி ஒரு கல்லே கிடையாது. தாயின் மனவுறுதியே கல்லாக ஒளிர்கிறது என்று வாதாடுவார்கள். வாதாடட்டும். பூனை இருக்கும் அடுக்களைக்குள் அவள் காலடி வைத்தபோதே அந்த மனவுறுதியை ஒளியில்லாமல் பார்த்துவிட்டோமே. வெவ்வேறு வெளிச்சங்களில் அவள் நிறம் மாறுவதற்காக 40க்கும் மேற்பட்ட வண்ணத் தொகுப்புகளைத் தயாரித்த கலைஞர்கள், கதையைக் கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு கல்லிடம் ஒப்படைத்தது எனக்கு இன்றும் ஆறவில்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கோடு சேர்ந்து ப்ளூத் எடுத்த ‘ஆன் அமெரிக்கன் டெயில்’ 1885இன் ரஷ்யாவில் தொடங்குகிறது. யூதக் குடியிருப்பு சூறையாடப்படும்போது அதன் தரைக்கடியில் எலிகளின் வீட்டையும் பூனைகள் தாக்குகின்றன. அமெரிக்காவில் பூனையே இல்லை என்று நம்பிக் கப்பலேறும் குடும்பத்தில் சிறுவன் ஃபீவல் புயலில் அடித்துச் செல்லப்படுகிறான். ஸ்பீல்பெர்க்கின் தாத்தா பெயர் ஃபீவல். அமெரிக்காவில் பூனைகள் இருக்கின்றன. எலி வேஷம் போட்டுப் பணம் பறிக்கிற பூனையும் இருக்கிறது. தந்தை சொன்ன பழங்கதையில் வரும் மின்ஸ்க் நகரத்து ராட்சத எலியை, கிடைத்த தட்டுமுட்டுச் சாமான்களால் எல்லாருமாகச் செய்து உருட்டிவிட்டுப் பூனைகளை விரட்டுகிறார்கள். இதுவும் அளவைப் பெரிதாக்கும் தந்திரம்தான். ஆனால் செய்தவர்கள் யார், எதனால் செய்தார்கள் என்பது நம் கண்முன் நடக்கிறது. அதனால் ஏற்க முடிகிறது. அதே 1986இல்தான் ஆர்ட் ஸ்பீகல்மேனின் ‘மவுஸ்’ படக்கதையின் முதல் தொகுதியும் வந்தது. அங்கேயும் யூதர்கள் எலிகள், எதிரிகள் பூனைகள். ஆனால் ராட்சத எலி வராது.

அந்த ஆண்டே டிஸ்னியின் ‘தி கிரேட் மவுஸ் டிடெக்டிவ்’. ஷெர்லக் ஹோம்ஸின் வீட்டு அடித்தளத்தில் குடியிருக்கும் துப்பறியும் சுண்டெலி பேசில். எதிரி ராட்டிகன், தன்னைப் பெருச்சாளி என்று யாராவது சொன்னால் பூனைக்கு இரையாக்கிவிடுகிற பெருச்சாளி. கணினியின் உதவியோடு வரைந்த பற்சக்கரங்களுக்கிடையே பிக் பென் கடிகாரத்துக்குள் நடக்கும் கடைசிச் சண்டை அந்தக் காலத்துக்குப் புதுமை. அங்கிருந்து ராட்டிகன் விழுகிறான். இந்த வகைப் படங்கள் எல்லாவற்றிலும் விழுவதுதான் பெரிய அபாயம். இங்கே உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் குறுக்கே வருகிறார். பின்னாளில் இந்தியாவுக்குக் குடிவந்து 1964இல் புவனேஸ்வரத்தில் மறைந்தவர். உயிர்களின் அளவு பற்றி 1926இல் எழுதிய கட்டுரையில், ஆயிரம் கஜ ஆழச் சுரங்கத்தில் சுண்டெலியைப் போட்டால் அது லேசான அதிர்ச்சியோடு எழுந்து போய்விடும், பெரிய எலி செத்துவிடும் என்கிறார். உடம்பு சிறுக்கச் சிறுக்க, எடை குறைகிற அளவுக்குப் பரப்பு குறைவதில்லை, காற்றே தாங்கிக்கொள்கிறது. அந்தக் கணக்குப்படி ராட்டிகனுக்குத்தான் ஆபத்து, பேசிலுக்கு அவ்வளவு இல்லை. படம் எடுத்தவர்கள் ஹால்டேனைப் படித்திருக்க மாட்டார்கள். தற்செயலாகச் சரியாக அமைந்துவிட்டது.

‘ஸ்டூவர்ட் லிட்டில்’ (1999) பாதி நிஜ நடிகர்கள், எலியும் பூனைகளின் வாயசைவும் மட்டும் கணினியின் வேலை. ‘சிக்ஸ்த் சென்ஸ்’ வெளியான அதே ஆண்டில், மாஹேயில் பிறந்த, தமிழ்த் தாயின் மகனான எம். நைட் ஷியாமளன் இதன் திரைக்கதையையும் இன்னொருவரோடு சேர்ந்து எழுதியிருக்கிறார் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. இ.பி. ஒயிட்டின் 1945 நாவலில் ஸ்டூவர்ட், காணாமல் போன பறவைத் தோழியைத் தேடி வடக்கு நோக்கிக் காரோட்டிப் போவதோடு கதை நின்றுவிடும். கண்டுபிடித்தானா என்று தெரியாது. படம் வீடு திரும்புதலில் முடிகிறது. இனிமையான படம், மனதில் தங்குவது சென்ட்ரல் பார்க் குளத்துப் படகுப் போட்டி மட்டும்.

பிக்ஸாரின் ‘ரட்டட்டூயி’ (2007) வாளும் பூனையும் இல்லாமலே வீரத்தைச் சொல்கிறது. பாரிஸ் உணவகத்தின் அடுக்களைக்குள் விழுந்துவிட்ட ரெமி என்ற எலி, கால்களுக்கும் தீக்கும் நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. கேமரா தரையோடு தரையாக ஓடுகிறது. ஜன்னல் கண்ணில் படுகிறது, போய்விடலாம். அப்போதுதான் யாரோ கெடுத்துவிட்ட சூப்பின் வாசனை மூக்கில் ஏறுகிறது. ரெமி திரும்புகிறது. ஓட வேண்டிய எலி உப்புப் பார்க்க நிற்பதைவிடப் பெரிய துணிச்சல் இந்தப் பட்டியலில் எங்கேயும் இல்லை. தந்தை பிறகு அதை அழைத்துப்போய் ஒரு கடையின் கண்ணாடிக்கு முன் நிறுத்துகிறார்: உள்ளே வரிசையாகப் பொறியில் தொங்கும் செத்த எலிகள். பாரிஸில் எலிப் பொறியும் விஷமும் விற்கும் பழைய கடை ஒன்றின் ஜன்னல் நிஜமாகவே அப்படித்தான் இருக்கிறது. பயத்துக்குக் காரணம் இருக்கிறது என்பதை இந்தப் படம் ஒளிக்கவில்லை. அந்த ஜன்னலைப் பார்த்துவிட்டும் ரெமி அடுக்களைக்கே போகிறது. எலியின் உடம்பு அசைவைப் படிக்க ஸ்டுடியோவிலேயே எலிகளை வளர்த்தார்கள். சுத்தம் பற்றிய அருவருப்பையும் அவர்கள் மறக்கவில்லை: எலிக் கூட்டம் சமைக்க வருமுன் பாத்திரம் கழுவும் எந்திரத்தின் ஆவியில் குளித்துவிட்டே வருகிறது.

எலிகளைத் தாண்டினால் 2003இன் ‘ஃபைண்டிங் நீமோ’வைச் சொல்ல வேண்டும். ஒரு துடுப்பு சிறுத்த குஞ்சு மீன் நீமோதான் பெயருக்கு நாயகன். ஆனால் கடலைக் கடப்பது, மனைவியையும் முட்டைகளையும் பறிகொடுத்து, நிழலைப் பார்த்தாலே ஒடுங்குகிற அப்பா மார்லின். இந்தக் கட்டுரையின் அளவுகோலில் அவர்தான் முழு மதிப்பெண்காரர். 2016இன் ‘ஜூடோபியா’ முயல் போலீஸ்காரி கெட்டிக்காரி, நெஞ்சுரம் உள்ளவள். அவள் கதை வேறு வகை.

2012இல் வந்த ‘எர்னஸ்ட் எ செலஸ்டீன்’ என்ற பிரெஞ்சு, பெல்ஜிய கூட்டுத் தயாரிப்பு மட்டும் என் அளவுகோலுக்குள் அடங்க மறுக்கிறது. தரைக்கடியில் எலிகளின் ஊர், மேலே கரடிகளின் ஊர். எலிக்கு முன்பற்கள் போனால் வாழ்வே போச்சு. அதனால் கரடிக் குட்டிகளின் விழுந்த பால்பற்களைத் திருடி வந்து பல் வைத்தியம் செய்கிறார்கள், அநாதை இல்லத்துப் பிள்ளைகளை அதற்கு ஏவுகிறார்கள். கரடி உன்னை விழுங்கிவிடும் என்று இரவெல்லாம் சொல்லப்படும் கதையை செலஸ்டீன் என்ற சிறுமி மட்டும் நம்புவதில்லை. படத்து டெஸ்பெரோவைப் போலவே பயம் ஒட்டாத எலி. ஆனால் பசியோடு எழுந்த எர்னஸ்ட் என்ற கரடி அவளை நிஜமாகவே தின்னப் பார்க்கிறது. அவள் பேசிப் பேசியே ஒரு மிட்டாய்க் கடையின் நிலவறைக்கு அதன் வாயைத் திருப்புகிறாள். பாடம் நடத்திய பயத்தை உதறினாலும் ஆபத்து அங்கேயே இருக்கிறது. 2008இன் டெஸ்பெரோவில் இல்லாதது அந்த ஆபத்துதான். பிற்பாதியில் கரடியை எலிகளின் நீதிமன்றத்திலும் எலியைக் கரடிகளின் நீதிமன்றத்திலும் ஒரே நேரத்தில் விசாரிக்கிறார்கள். நீர்வண்ணம் கரைந்ததுபோன்ற மெல்லிய கோடுகளில் அவ்வளவு கோபத்தையும் வரைந்திருக்கிறார்கள்.

குழந்தைகளுக்கு எவ்வளவு பயம் காட்டலாம் என்ற பெற்றோரின் கேள்வி இந்தப் படங்கள் எல்லாவற்றின் பின்னாலும் நிற்கிறது. ‘நிம்’ படத்துக்கு அமெரிக்காவில் எல்லாரும் பார்க்கலாம் என்ற ஜி சான்று. அந்தப் பண்ணைப் பூனையின் முகத்தைப் பார்த்தபின் ஆறு வயதுப் பிள்ளையைத் தனியே உட்காரவைக்க எனக்கு மனம் வராது. இந்த விஷயத்தில் பெயர் கெட்டுப்போனது 1978இன் பிரிட்டிஷ் படமான ‘வாட்டர்ஷிப் டவுன்’. ரிச்சர்டு ஆடம்ஸின் நாவலை மார்ட்டின் ரோசன் படமாக்கினார். வளை அழியப்போகிறது என்று முன்கூட்டியே உணர்ந்த குட்டி முயல் ஃபைவரின் பேச்சைக் கேட்டுச் சில முயல்கள் புது இடம் தேடிப் போகின்றன. தலைவன் ஹேசல் பெரிய உடம்புக்காரன் இல்லை, குண்டடிபட்டு நொண்டுகிறவனும்கூட. கூட்டத்தின் பலசாலியான பிக்விக் வளையின் வழியை மறித்து நின்று, இது தன் தலைவனின் ஆணை என்கிறது. கொடுங்கோலன் வூண்ட்வோர்ட் அதிர்ந்துபோகிறான்: இவனே இப்படியென்றால் இவனுடைய தலைவன் எவ்வளவு பெரியவனாக இருப்பான்! பலத்தைத் தவிர வேறு எதையும் அறியாதவனுக்கு நொண்டி முயல் தலைவனாக இருக்கக்கூடும் என்பது தோன்றவே தோன்றாது. ஆடம்ஸ் எழுதியதிலேயே எனக்கு மிகப் பிடித்த திருப்பம் அது.

வயல்மேல் இரத்தம் பரவும் காட்சிக்கும், கண்ணியில் மூச்சுத் திணறும் முயலுக்கும் பிரிட்டனில் அன்று யு சான்று கொடுத்துவிட்டார்கள். முயல் படம்தானே என்று பிள்ளைகளை அழைத்துப்போன பெற்றோர் தலைமுறை தலைமுறையாகப் புகார் எழுதினார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, அந்நாட்டுத் தணிக்கை வாரியம் படத்தை மறுபடி பார்த்து, பெற்றோர் வழிகாட்டல் தேவை என்ற பி.ஜி. சான்றாக மாற்றியது. சொன்ன காரணங்கள் வன்முறை, அச்சுறுத்தல், இரத்தம். அவற்றோடு, முயல்களுக்கு உதவும் கடற்காகம் ஒன்று வாய்தவறி விட்ட ஒரு வசைச்சொல்லும்.